மேல்மாடியும் முத்துக்கரையும்

உத்தரகோசமங்கைத் தலபுராணத்தில் ஆயிரம் முனிவர்கள் காத்திருக்கிறார்கள். ஆகமத்தை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு, மண்டோதரிக்குக் காட்சி தர இலங்கை போகிறார் சிவபெருமான். குளத்தில் தீ எழுந்ததும் 999 பேர் அதில் பாய்ந்துவிட, சுவடியைக் காக்க ஒருவர் மட்டும் கரையில் நின்றுவிடுகிறார். அவரே மணிவாசகராகப் பிறந்தார் என்பது மரபு.

எருசலேம் மேல்மாடியில் காத்திருந்தோர் ஏறத்தாழ 120 பேர். அவர்கள் மேலும் நெருப்பு நாவுகள் இறங்கின என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். இரண்டையும் முடிச்சுப் போடுவது என் வேலையல்ல. ஆனால் அந்த மேல்மாடியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஆண்டவரை மறுதலித்த பேதுரு, பிடிபட்ட இரவில் ஓடிப்போன சீடர்கள், முன்பு அவரை நம்பாத சகோதரர்கள், கடைசிவரை சிலுவையடியில் நின்ற தாய். ஒருவரையொருவர் குத்திக்காட்ட எவ்வளவோ இருந்தும் ஒருமனப்பட்டுச் செபித்தார்கள். சும்மாவும் இருக்கவில்லை, யூதாசின் இடத்துக்குச் சீட்டுப் போட்டு மத்தியாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

விண்ணேற்றத்திலிருந்து பெந்தக்கோஸ்து வரை அவர்கள் காத்திருந்தது பத்து நாள். முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கோ ஐந்தாறு ஆண்டு. 1536-37 வாக்கில் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். சொல்லிக்கொடுக்கக் குரு தங்கவில்லை. 1542 அக்டோபரில் மறைபரப்ப வந்த குரு சவேரியார், எதை நம்புகிறீர்கள் என்று கேட்டபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று மட்டும் சொன்னார்களாம். இதை அறியாமை என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது பெரிய விஷயமாகவே படுகிறது. பூசையும் செபமும் இல்லாத காலத்தில் அவர்களைச் சிதறாமல் வைத்தது சாதித்தலைவரும், பட்டங்கட்டிகள் எனப்பட்ட ஊர்த்தலைவர்களும் கட்டிக்காத்த ஊர்க்கட்டுப்பாடு. மேலே கயிறு பிடிப்பவரை நம்பிக் கடலுக்குள் மூழ்குகிற தொழில் அவர்களுடையது; கூட்டம் கலையாமல் இருக்கப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. சவேரியார் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடமாக்கி, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டியபோது கேட்கக் கூட்டம் காத்திருந்தது.

கரையில் நின்றுவிட்ட ஒருவர் இந்த முத்துக்கரையிலும் உண்டு. உத்தரகோசமங்கைக்குக் கிழக்கே, மண்டபத்துக்கு அருகே வேதாளை. ராமேசுவர யாத்திரிகர்களிடம் போர்த்துக்கீசியத் தலைவன் வரி பிடுங்கியதால் மூண்ட சண்டையில் 1549-இல் வடுகப் படை இங்கே புகுந்தது. வினை ஒருவனுடையது, பலி வேறொருவர். பெண்களையும் குழந்தைகளையும் தோணிகளில் ஏற்றிவிட்டுக் கரையில் நின்ற இத்தாலியக் குரு அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவர் இடத்துக்கு வந்த அன்றீக்கு அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது.