விஸ்வநாதனுக்கு வேலை போட்டுக் கொடுத்தது யாரு?

பொள்ளாச்சியில இருந்து வால்பாறைக்கு பைக்ல போனவங்க எல்லாரும் ஆழியார்ல ஒரு டீக்காவது நிறுத்தியிருப்பீங்க. தமிழ் சினிமாவோட முதல் தரமான ராக் அண்ட் ரோல் பாட்டு ஒண்ணை எடுத்தது அங்கதான். படம் 'காதலிக்க நேரமில்லை'. பாட்டு 'விஸ்வநாதன் வேலை வேண்டும்'.

சீன் ஞாபகம் இருக்கும். எஸ்டேட் முதலாளி பாலையா, பேரு விஸ்வநாதன். வேலையை விட்டுத் தூக்கின கோபத்துல ரவிச்சந்திரன் அவர் வீட்டு முன்னாடியே கூடாரம் போட்டு உக்காந்துடுவாரு. அந்த வீடு ஆழியார் விருந்தினர் மாளிகை. பக்கத்துல அப்பதான் கட்டின புது அணை. ஸ்ரீதர் இயக்கம், வின்சென்ட் கேமரா, ஈஸ்ட்மென் கலர்.

படம் வந்தது 1964 பிப்ரவரி 27. அதே மாசம் 9ஆம் தேதிதான் பீட்டில்ஸ் அமெரிக்க டிவியில எட் சல்லிவன் ஷோவுல முதல் தடவையா வாசிச்சாங்க. அதனால இதை பீட்டில்ஸ் காப்பின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இதோட வேர் அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, பில் ஹேலி காலத்துல இருக்கு. ஒருத்தர் ஒரு வரி வீச, கூட்டம் திருப்பி அடிக்கும். அடியில டிரம்ஸ் நிக்காம ஓடும். மில் கேட் கோஷமும் இப்படித்தானே இருக்கும்? கோயமுத்தூர்க்காரங்களுக்கு அந்தத் தாளம் புதுசே இல்ல. கோஷத்தை ராக் அண்ட் ரோல் ஆக்கலாம்னு தோணுச்சு பாருங்க, அங்கதான் விஸ்வநாதன்–ராமமூர்த்தி நிக்கிறாங்க. எழுதினது கண்ணதாசன். எம்.எஸ். விஸ்வநாதனைக் கிண்டல் பண்ணித்தான் அந்த வரியே பொறந்துச்சுன்னு ஒரு கதை உண்டு. நான் பாதிதான் நம்புறேன்.

ரெக்கார்டிங் பத்திச் சொல்லணும். அப்ப நம்ம ஊர்ல தனித்தனி ட்ராக் எல்லாம் கிடையாது. பி.பி. ஸ்ரீனிவாஸ், கோரஸ், கிட்டார், டிரம்ஸ் எல்லாரும் ஒரே நேரத்துல வாசிக்கணும், பாடணும். கடைசி வரியில ஒருத்தர் தப்பு பண்ணா முதல்ல இருந்து. ஒரு டேக்கை ரோல்பேக் பண்ணி நடுவுல இருந்து ஒட்டிக்கலாம்ங்கிற பேச்சே இல்ல. அந்தப் பாட்டுல எல்லாரும் சேர்ந்து துள்ற ஒரு குஷி கேக்குதுல்ல? அதுல பாதி இதனாலதான்னு நான் நினைக்கிறேன்.

பில் ஹேலியோட 'ராக் அரவுண்ட் தி கிளாக்' ரெக்கார்டிங்கும் ஏறக்குறைய இதே தவிப்புதான். 1954 ஏப்ரல் 12, நியூயார்க். வர்ற வழியில ஃபெர்ரி மணல்ல தட்டி நின்னு, ஆளுங்க லேட். இருந்த நேரமெல்லாம் வேற ஒரு பாட்டுக்கே போயிடுச்சு. மிச்சம் இருந்த நிமிஷங்கள்ல ரெண்டே டேக். முதல் டேக்ல இசைச் சத்தத்துல குரல் முங்கிடுச்சு, அப்புறம் ரெண்டையும் சேர்த்துத்தான் பாட்டு ஆச்சு. அந்த கிட்டார் சோலோ வாசிச்சவர் டேனி செட்ரோன். அவருக்குக் கிடைச்ச கூலி 21 டாலர். ஜூன்ல மாடிப்படியில விழுந்து இறந்துட்டாரு. பாட்டு உலகம் பூரா ஹிட் ஆனது 1955ல.

செட்ரோன் பேரைப் படிச்சப்போ எனக்கு நம்ம சிங்காநல்லூர்தான் ஞாபகம் வந்துச்சு.

திருச்சி ரோட்டுல சிங்காநல்லூர்ல சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்துச்சு. ஜூபிடர் பிக்சர்ஸ் படமெல்லாம் அங்கதான் எடுத்தாங்க. அங்க ஆபீஸ் பையனா ஒருத்தர் இருந்தாரு. பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில 1928ல பொறந்தவர், சின்ன வயசுலயே அப்பாவை இழந்தவர். நடிகராகணும்னு வந்து, அது நடக்காம எடுபிடி வேலைக்கு நின்னவர். அவர்தான் எம்.எஸ். விஸ்வநாதன்.

எம்.ஜி.ஆர். அர்ஜுனனா நடிச்ச 'அபிமன்யு' 1948ல வந்துச்சு. இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. ஒரு பாட்டுக்கு மெட்டே சிக்கல. நாயுடு வெளிய போயிருந்த நேரத்துல பையன் ஆர்மோனியத்தை எடுத்து ஒரு மெட்டு வாசிச்சிருக்காரு. நாயுடு காதுல விழுந்துச்சு, பிடிச்சுப்போச்சு, படத்துல வெச்சுட்டாரு. ஆனா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. ஆபீஸ் பையன் போட்ட மெட்டுன்னு தெரிஞ்சா முதலாளிங்க வேண்டாம்னு சொல்லிடுவாங்களாம். எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, கோடு எழுதினது ஒருத்தர், கமிட்ல பேர் இன்னொருத்தர்.

இதுவரைக்கும் கேட்டா நாயுடு வில்லன் மாதிரி தெரியும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா ஜூபிடர் கோவையை விட்டுட்டு மெட்ராஸுக்குக் கிளம்பினப்போ இங்க இருந்த ஆளுங்களுக்கு வேலை போச்சு. அப்ப பையனைக் கூட்டிட்டு முதலாளி சோமசுந்தரம் முன்னாடி போனதும் அதே நாயுடுதான். 'அபிமன்யு'ல பேர் வாங்கின மெட்டு இவனோடதுங்க, இவனை விட்டுடாதீங்க, மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டிருக்காரு. தன் பேர்ல வந்த பாட்டை தன்னோடது இல்லன்னு ஒரு இசையமைப்பாளர் முதலாளிகிட்ட ஒத்துக்கிறது சும்மா இல்லீங்க. அவருக்கும் அந்த நேரம் வேலை தேவைதான்.

அப்படித்தான் விஸ்வநாதன் மெட்ராஸ் போய் சி.ஆர். சுப்பராமன்கிட்ட சேர்ந்தாரு. அந்தக் குழுவுல வயலின் வாசிச்சவர் திருச்சி டி.கே. ராமமூர்த்தி. 1952ல சுப்பராமன் திடீர்னு இறந்துபோக, அவர் பாதியில விட்ட வேலையை இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிச்சாங்க. அதே வருஷம் 'பணம்' படத்துல ரெண்டு பேர் பேரும் ஒண்ணா வந்துச்சு. 1965ல பிரிஞ்சுட்டாங்க.

ஆழியார்ல ரவிச்சந்திரன் கத்துற பாட்டைக் கேக்குறப்ப எனக்கு இப்ப ரெண்டு விஷயம் ஓடும். ஒண்ணு, வேலை வேணும்னு கோயமுத்தூர்ல நின்ன அந்தப் பையன். இன்னொண்ணு, ராமமூர்த்தி. இசைத்தட்டுல ரெண்டு பேரும் சமமா இருக்காங்க. பாட்டுல கேக்குற பேரு என்னவோ விஸ்வநாதன் மட்டும்தான்.

இந்த வாரம் ஹெட்போன் போட்டு அந்தப் பாட்டை ஒரு தடவை கேளுங்க. பாடகரை விட்டுட்டு கோரஸை மட்டும் கவனிங்க. அதுல யாரோட பேரும் நமக்குத் தெரியாது.