பூமாலை: கேசட்டில் வந்த செய்தி இதழ்

பூமாலை என்பது 1990ஆம் ஆண்டில் கலாநிதி மாறன் தொடங்கிய தமிழ் வீடியோ மாத இதழாகும். இவர் முரசொலி மாறனின் மகன். அச்சிட்ட தாளுக்குப் பதிலாக வி.எச்.எஸ். கேசட்டில் வெளிவந்த இவ்விதழ், சன் தொலைக்காட்சிக்கு முன்னோடியாக அமைந்தது.

தோற்றம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் தமிழர் கண்ட தொலைக்காட்சிச் செய்தி தூர்தர்ஷனின் செய்தி மட்டுமே. ஒளிபரப்பும் உரிமையை 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் அரசிடமே வைத்திருந்தது. ஆனால் கேசட் விற்பது ஒளிபரப்பு ஆகாது. இந்த இடைவெளியில்தான் வீடியோ இதழ்கள் பிறந்தன. 1988இல் இந்தியா டுடே குழுமம் மது திரேகனைக் கொண்டு ‘நியூஸ்டிராக்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கியது. இந்தியில் வினீத் நாராயண் ‘காலசக்ரா’வை நடத்தினார். அவ்வரிசையில் தமிழில் வந்தது பூமாலை.

அன்று ஊருக்கு ஊர் வீடியோ கடைகள் இருந்தன. ‘டெக்’ வைத்திருப்போர் கேசட்டை மட்டும் வாடகைக்கு எடுத்தனர். இல்லாதோர் டெக்கையும் சேர்த்தே எடுத்தனர். திரைப்படம் சென்ற அதே வழியில் செய்தியும் வீட்டிற்குள் நுழைந்தது.

சரிவு

கேசட்டின் வசதியே அதற்குப் பகையாயிற்று. இரண்டு டெக்குகளைக் கம்பியால் இணைத்தால் கேசட் ஓடி முடியும் நேரத்தில் ஒரு படி தயாராகிவிடும். கடைக்காரர் ஒரு கேசட்டை வாங்கிப் பல படிகள் எடுக்கலாம். தயாரித்தவருக்கோ ஒரு கேசட்டின் விலைதான் கிடைக்கும். இத்திருட்டுப் படிகள் பூமாலையை வெகுவாகப் பாதித்தன.

மற்றொரு குறை தாமதம். 1991 மே 21 இரவு திருப்பெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட செய்திக்கு மக்கள் மாத இதழை எதிர்பார்த்துக் காத்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் வளைகுடாப் போரை சி.என்.என். நேரடியாகக் காட்டியது. கேபிள் இணைப்புகள் பெருகின. பூமாலை சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது.

பின்விளைவு

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. அன்று தனியார் இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு நிகழ்ச்சியை அனுப்ப அனுமதி இல்லை. தனியார் அலைவரிசைகள் பதிவு செய்த நாடாக்களை வெளிநாட்டுக்கு அனுப்பியே ஒளிபரப்பின. அலைக்கற்றை பொதுச்சொத்து, அது அரசின் தனியுரிமை அன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995 பிப்ரவரி 9 அன்றுதான்.

வீடியோ இதழ்களின் தாக்கம் அவற்றின் ஆயுளைவிட நீண்டது. காலசக்ரா வெளிக்கொணர்ந்த ஜெயின் ஹவாலா விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கில் 1997 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு, மத்தியப் புலனாய்வுத் துறையின் ஊழல் விசாரணைகளை மேற்பார்வையிடும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது.

பாதுகாப்பு

இந்தியாவில் வெளியாகும் நூல்களையும் இதழ்களையும் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அளிக்க வேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டுச் சட்டம். வீடியோ கேசட்டுக்கு அது பொருந்தாது. எந்தச் சட்ட இடைவெளி பூமாலையைப் பிறக்க வைத்ததோ, அதுபோன்ற மற்றோர் இடைவெளி அதை நூலகத்திற்கு வெளியே நிறுத்திவிட்டது. காந்த நாடா ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஓட்டிப் பார்க்கும் டெக்குகளும் அரிதாகிவிட்டன. வீட்டுப் பரணிலோ மூடிய கடையிலோ எஞ்சியிருக்கும் கேசட்டுகளை எண்ம வடிவுக்கு மாற்றினால், 1990களின் தொடக்கத் தமிழகத்தை அரசு ஒளிபரப்புக்கு வெளியே நின்று பதிவு செய்த காட்சிகள் நமக்கு மிஞ்சும்.