மாற்று பார்த்தவரின் எழுத்து

ஸ்பானியப் பேரரசின் அமெரிக்க அக்கசாலைகளில் கையால் அடிக்கப்பட்ட வெள்ளிக் காசுகளை நாம் முதன்முறை காணும்போது ஏமாற்றமே மிஞ்சும். வட்டமாக இரா, அரசரின் பெயர் பாதியோடு நிற்கும், ஆண்டு பெரும்பாலும் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். வெள்ளித் துண்டை எடை சரியாகும்வரை ஓரம் நறுக்கி, ஈரச்சுகளுக்கிடையே வைத்துச் சுத்தியலால் அடித்தனர். எட்டு ரியால் காசு ஏறத்தாழ 27 கிராம். எடை பிசகக் கூடாது. அழகு எப்படிப் போனால் என்ன!

ஆகவே, சேகரிப்போர் முதலில் தேடுவது அரசரின் பெயரையன்று. மாற்று பார்த்த அதிகாரியின் ஓரெழுத்தை. வெள்ளியின் தரத்துக்கு அவரே பிணை. ஆண்டு அழிந்த காசுக்கும் அவ்வெழுத்தைக் கொண்டே நாம் காலம் கணிக்கிறோம்.

அந்தப் பிணை பொய்த்த இடம் பொட்டோசி. இன்றைய பொலிவியாவிலுள்ள அம்மலையில் 1545இல் வெள்ளி கண்டறியப்பட்டது. கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்ட பழங்குடியினர் அதனை வெட்டியெடுத்தனர். 1640களில் அங்கு அடித்த காசுகளில் செம்பு மிகுந்தது. ஐரோப்பிய வணிகர்கள் பொட்டோசிக் காசை வாங்க மறுக்கவே, நான்காம் பிலிப்பு மன்னர் விசாரணைக்கு ஆளனுப்பினார். 1650இல் வெள்ளி வணிகர் கோமெஸ் தெ லா ரோச்சாவும், மாற்று பார்த்த ராமிரெஸ் தெ அரெல்லானோவும் கொல்லப்பட்டனர். மலையில் மாண்டவர்களுக்காக அப்படியொரு விசாரணை நடக்கவில்லை என்பதையும் நாம் நினைக்க வேண்டியிருக்கிறது.

1652இல் அச்சு மாறியது; இரு தூண்களும் அவற்றின்கீழ் கடலலைகளும் வந்தன. மதிப்புக் குறைக்கப்பட்ட பழைய காசுகளின்மீது சிறு கிரீட முத்திரை குத்தப்பட்டது. சில காசுகளில் அக்கிரீடத்தின் அருகிலேயே பழைய எழுத்தும் தேயாமல் இருக்கிறது.