விசிகால்க்: கரும்பலகையில் பிறந்த மென்பொருள்

1978. ஹார்வர்ட் வணிகப் பள்ளி வகுப்பறை. கரும்பலகை முழுக்கக் கணக்கு அட்டவணை. ஒரு எண் மாறினால், அதைச் சார்ந்த கட்டங்கள் எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். இதைக் கணினியே செய்தால் என்ன என்று யோசித்தார் டான் பிரிக்ளின் என்ற மாணவர்.

நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் நிரல் எழுத, 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்கு விசிகால்க் வெளிவந்தது. இந்த மென்பொருளுக்காகவே பலர் கணினி வாங்கினார்கள்! பொழுதுபோக்குப் பெட்டி அலுவலகத்துக்குள் நுழைந்தது.

ஆனால் அதற்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைப்பது அன்று அரிது. 1983-ல் ஐபிஎம் கணினிக்கு வந்த லோட்டஸ் 1-2-3 சந்தையைப் பிடித்தது. 1985-ல் பிரிக்ளின், ஃபிராங்ஸ்டன் நிறுவனத்தையே லோட்டஸ் வாங்கிவிட்டது.

இன்று எக்செல்லில் ஒரு எண்ணை மாற்றியதும் கூட்டுத்தொகை தானாக மாறுகிறதே, அது அந்த மாணவரின் அலுப்பில் பிறந்த வசதி.