அப்பாவின் கல்லாப்பெட்டியும் அண்ணன் தம்பிகளும்

ராத்திரிச் சாப்பாடு இல்லாத வீடு எங்களுடையது. பொழுது சாய்வதற்குள் அடுப்பு அணைந்துவிடும். ஆகவே ராத்திரி எட்டு மணிக்கு மேல் சயானில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் டிவிதான் துணை. சென்ற ஆண்டு ஒரு நாள் "பாண்டியன் ஸ்டோர்ஸ்" இரண்டாம் பாகம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடையில் உட்கார்ந்திருக்கும் அப்பா, வளர்ந்து கல்யாணமான மகனிடம் கணக்குக் கேட்டு அதட்டுகிறார். என் சின்ன மகன் சிரித்துக்கொண்டே, "அப்பா, நம்ம வீட்டு வசனத்தை அவங்களுக்கு யாரு எழுதிக் கொடுத்தது?" என்றான். மருமகள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் தொண்டை நாட்டுச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதித் தரலாம் என்றுதான் இருந்தேன். இந்த முறை வேறு எழுதுகிறேன். அதட்டுகிற அப்பா, அவருக்குப் பயந்து ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்ளும் பிள்ளைகள், கடைசியில் அந்தப் பிள்ளைகளுக்குள்ளேயே விழும் விரிசல் என்று தொடர்களில் நாம் தினமும் பார்க்கும் குடும்பம் எங்கிருந்து வந்தது? அது நம்முடைய பழைய மரபுதானா? எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

திரையில் வந்த அப்பாக்கள்

பம்பாய்த் தமிழர்களுக்கு முதல் தொடர்க் குடும்பம் தமிழ்க் குடும்பம் அல்ல. 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கிய "ஹம் லோக்" தான் அது. மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதியது. குடிகார அப்பா பசேசர் ராம், வேலை தேடி அலையும் மூத்தவன், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வந்து பேசும் அசோக் குமார், இவர்களையெல்லாம் என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் கட்டடத்தில் டிவி இருந்த ஒரே வீட்டில் இருபது பேர் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். நானும் என் தம்பியும் கடையை மூடிவிட்டு ஓடுவோம். அந்த அப்பா அதட்டுவார், ஆனால் அவர் கையில் ஒன்றும் கிடையாது. அதனால் அவர் அதட்டல் வீட்டில் எடுபடவில்லை.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. கேபிள் வழியாக நம் வீட்டுக்குள் தமிழ்க் குடும்பங்கள் நுழைந்தன. 2018 அக்டோபரில் விஜய் டிவியில் "பாண்டியன் ஸ்டோர்ஸ்" முதல் பாகம் வந்தபோது, அது நம்மைப் போன்ற கடைக்காரர்களின் கதையாகவே இருந்தது. ஒரு மளிகைக் கடை, நான்கு சகோதரர்கள். மூத்தவர் சத்தியமூர்த்தி தம்பிகளைப் பிள்ளைகளாக வளர்க்கிறார். இந்தக் கதை மராத்தியில் 2020-ல் "சஹகுடும்ப சஹபரிவார்" என்றும், இந்தியில் 2021-ல் "பாண்டியா ஸ்டோர்" என்றும் போனது. எங்கள் பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் அதைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "உங்கள் ஆட்களும் எங்களை மாதிரிதான்" என்று சொன்னாராம்.

முதல் பாகம் முடிந்த கையோடு, 2023 அக்டோபர் 30 அன்று இரண்டாம் பாகம் தொடங்கியது. "தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை" என்ற ஔவையார் வாக்கைத் துணைத்தலைப்பாக வைத்தார்கள். முதல் பாகத்தில் அண்ணனாக வந்த ஸ்டாலின் முத்துவே இதில் அப்பா பாண்டியன். மூன்று மகன்கள்: சரவணன், செந்தில், கதிர். இவர்களில் மூத்தவன் அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். வீட்டில் உண்மையை மறைக்க அம்மாவே பிள்ளைகளுக்குத் துணை போகிறாள். இத்தனைக்கும் பாண்டியன், பெண்ணின் அண்ணன்மார் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவர்! தான் மீறியதை மறந்துவிட்டுப் பிள்ளைகள் மீறக்கூடாது என்கிறார்.

2022 முதல் 2024 வரை சன் டிவியில் வந்த "எதிர்நீச்சல்" இன்னொரு மாதிரி. திருச்செல்வம் இயக்கியது. அதில் அதட்டுகிறவர் அப்பா இல்லை, அப்பா இடத்தில் உட்கார்ந்துகொண்ட மூத்த அண்ணன் ஆதி குணசேகரன். 2023 செப்டம்பரில் காலமான மாரிமுத்து அந்தப் பாத்திரத்தை எப்படிச் செய்தார் என்பது ஊருக்கே தெரியும். தம்பிகள் அவருக்கு விசுவாசமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த விசுவாசத்தில் பாதி பயம்.

இந்தத் தொடர்களில் ஒன்றைக் கவனித்தேன். அண்ணன் தம்பி நடுவில் பிளவு வந்தால் பழியை வந்த மருமகள் மேல் போடுவது நம் வழக்கம். தொடர்களைக் கூர்ந்து பார்த்தால் காரணம் அது இல்லை. சாவி ஒருவர் இடுப்பில் இருக்கிறது, கணக்கு நோட்டு மூடியே இருக்கிறது. யாருக்கு என்ன பங்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் சந்தேகம் வந்து குடியேறுகிறது.

பழைய கதையில் விலகிப்போன அப்பா

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதை வேறு விதமானது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் எழுதிய ஆதிபுராணத்திலும், பிறகு தமிழில் வந்த ஸ்ரீபுராணத்திலும் உள்ள கதை அது. ரிஷபதேவர் தாம் உயிரோடு இருக்கும்போதே நாட்டைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுத் துறவு பூண்டார். மூத்தவன் பரதனுக்கு அயோத்தி, பாகுபலிக்குப் பௌதனபுரம். மற்றவர்களுக்கும் அவரவர் பாகம்.

பரதன் திக்விஜயம் முடித்துத் திரும்பியபோது அவனுடைய சக்கரம் நகர வாசலில் நின்றுவிட்டது. தம்பிகள் இன்னும் பணியவில்லை என்பதுதான் காரணம். தம்பிகள் நேரே அப்பாவிடம் போனார்கள். அவர், "அண்ணனுக்கு அடங்குங்கள்" என்றும் சொல்லவில்லை, "எதிர்த்து நில்லுங்கள்" என்றும் சொல்லவில்லை. செல்வத்தின் நிலையாமையைச் சொன்னார். அவர்கள் துறவு பூண்டார்கள். பாகுபலி மட்டும் எதிர்த்து நின்றான். படைகள் மோதவில்லை. பார்வைப் போர், நீர்ப் போர், மற்போர் மூன்றிலும் தம்பியே ஜெயித்தான். தோற்ற அண்ணன் சக்கரத்தை ஏவினான், அது தம்பியைத் தொடவில்லை. ஜெயித்த தம்பி அந்த நிமிடமே எல்லாவற்றையும் அண்ணனிடம் விட்டுவிட்டுத் தவத்துக்குப் போனான். சிரவணபெளகொளாவில் மலைமேல் நிற்பது அந்தத் தம்பிதான்.

சிறு வயதில் எனக்கு இது பாகுபலியின் கதை. இப்போது இது ரிஷபதேவரின் கதையாகத் தெரிகிறது. அங்கேயும் சகோதரச் சண்டை வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எவனுக்கு எது என்பதில் சந்தேகமே கிடையாது. அப்பா சொல்லிக் கொடுத்து, விலகியும் போனார். ஆகவே சண்டை மூன்று பந்தயத்தில் முடிந்தது, பொய்யும் ஒளிவுமாகப் பல வருஷம் இழுக்கவில்லை.

பாட்டன் நிலமும் அப்பன் கடையும்

இது புராணம், நடைமுறை என்ன என்று கேட்பீர்கள். கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்ரமாதித்தன் (1076-1126) காலத்தில் விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம்தான் தமிழ்நாட்டிலும் பம்பாயிலும் செல்லுபடியான சொத்து நூல். அதன்படி, பாட்டன் வழி வந்த நிலத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே உரிமை உண்டு. அப்பா அதை நிர்வகிக்கும் கர்த்தா, அவ்வளவுதான். நினைத்தபடி விற்க முடியாது. வங்காளத்தில் ஜீமூதவாகனரின் தாயபாகம் இதற்கு நேர்மாறானது. அங்கே அப்பா இருக்கும் வரை மகனுக்கு உரிமை இல்லை.

பம்பாய்க்கும் சென்னைக்குமே ஒரு வித்தியாசம் இருந்தது. அப்பா தன் தகப்பனோடோ சகோதரர்களோடோ பாகம் பிரியாமல் இருக்கும்போது, அப்பாவின் சம்மதம் இல்லாமல் மகன் பாகம் கேட்க முடியாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்த்தது. சென்னையில் அந்தத் தடை இல்லை. படித்துச் சம்பாதித்த பிள்ளைகள் பாடும் சங்கடமாக இருந்தது. குடும்பச் செலவில் படித்து ஐ.சி.எஸ். ஆனவரின் வருமானம் கூட்டுக் குடும்பத்துக்கே சேரும் என்று 1921-ல் லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. பம்பாய் வக்கீல் எம்.ஆர். ஜெயகர் கொண்டுவந்த 1930-ஆம் ஆண்டுச் சட்டம்தான், படித்துச் சம்பாதிப்பது அவனவன் சொத்து என்று ஆக்கியது. பெண் பிள்ளைகளுக்கும் பிறப்பிலேயே பாகம் என்பது தமிழ்நாட்டில் 1989, மகாராஷ்டிரத்தில் 1994, நாடு முழுவதும் 2005.

ஆனால் இதெல்லாம் பிதிரார்ஜிதத்துக்கு, அதாவது முன்னோர் சொத்துக்கு. அப்பா தன் கையால் சம்பாதித்த சுயார்ஜிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதை 1898-லேயே பிரிவி கவுன்சில் உறுதி செய்துவிட்டது. இங்கேதான் நம்முடைய கதை வருகிறது. ஊரில் நிலத்தை விட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரில் இறங்கி, தாராவியிலும் மாட்டுங்காவிலும் சயானிலும் கடை போட்டவர்கள் நம் அப்பாக்கள். கடை அவர் உழைப்பு. பகடி ரசீது அவர் ஒருவர் பேரில். பிள்ளைகள் பத்து வயதிலிருந்து அந்தக் கடையில் பொட்டலம் கட்டினாலும் அதில் அவர்களுக்குப் பிறவி உரிமை கிடையாது. ஊரில் தன் அப்பாவுக்குக் கட்டுப்பட்டு, பங்காளிகளுக்குப் பதில் சொல்லி வாழ்ந்த அதே மனிதர், பம்பாயில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவர் ஆனார். ஆகவே அந்த அதட்டல் முழுக்க ஆதி கால மரபு அல்ல. பாதிக்கு மேல் நாம் இந்த ஊரில் கடை வைத்த பிறகு வந்தது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் கடை

என் அப்பா வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து சயானில் பாத்திரக் கடை வைத்தவர். நானும் தம்பியும் அதில் வேலை செய்தோம். சம்பளம் கிடையாது, கேட்டால் செலவுக்குக் காசு. தம்பி ஒருமுறை சினிமாவுக்குப் போனதை மறைக்கக் கல்லாவில் நான் பொய்க் கணக்கு எழுதினேன். அவனும் எனக்காக அப்படி எழுதியிருக்கிறான். அவ்வளவு ஒற்றுமை. 1988-ல் அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, "எனக்கு இங்கே என்னப்பா இருக்கு?" என்று கேட்டான். அப்பா, "கேக்கிறவனுக்கு ஒண்ணுமில்லை" என்றார். நான் பக்கத்தில் தராசைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் டோம்பிவிலிக்குப் போய்த் தனியாகக் கடை போட்டான்.

1997-ல் அப்பா காலமானார். பெட்டியைத் திறந்தபோது சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் "பெரியவன்", "சின்னவன்" என்று இரண்டு பத்தி. இரண்டிலும் ஒரே தொகை. தம்பி பிரிந்துபோன பிறகும் அவன் பத்தி நிற்கவில்லை. அப்பா மனசில் பாகம் பிரித்துத்தான் வைத்திருந்தார், வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தம்பி போயிருக்க மாட்டான்.

இதுவரை சொன்னது அப்பாவின் தப்பு. அதற்குப் பிறகு நடந்தது என் தப்பு. அந்த நோட்டை நான் தம்பிக்குக் காட்டவில்லை. காட்டினால் கொடுக்க வேண்டும். பணம் முழுக்கக் கடைச் சரக்கில் இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தேன். அப்புறம் என்பது இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் மகன்களும் சம்பளம் இல்லாமல் அதே கல்லாவில் உட்கார்ந்தார்கள். அன்று ராத்திரி சின்னவன் சிரித்தபோது எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான்.

போன தீபாவளிக்குப் புதுக்கணக்கு போடும்போது மகன்கள், மருமகள்கள் எல்லாரையும் உட்காரவைத்து நோட்டைத் திறந்து காட்டினேன். கடையைக் கூட்டு வியாபாரமாக மாற்றி இரண்டு பேர் பேரையும் பத்திரத்தில் சேர்த்தாயிற்று. மறுநாள் அப்பாவின் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு டோம்பிவிலிக்கு ரயிலேறினேன்.

தம்பி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். தான் பிரிந்துபோன வருஷத்துக்கு அடுத்த பக்கத்தில் வெகு நேரம் நின்றான். "இப்ப எதுக்கு அண்ணா இதெல்லாம்?" என்றான். ஆனால் நோட்டைத் திருப்பித் தரவில்லை. அவன் கணக்கைத் தீர்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அவன் இன்னும் சயான் வீட்டுக்கு வரவில்லை.

வெளியூரில் கடை வைத்துப் பிள்ளைகளோடு வியாபாரம் செய்யும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா சொல் மந்திரமாக இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மந்திரத்தை மனசுக்குள் முணுமுணுத்தால் பிள்ளைகளுக்குக் கேட்காது. நோட்டை நீங்கள் இருக்கும்போதே திறந்து காட்டிவிடுங்கள்.