தாபித்தலும் தாங்குதலும்: யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் தொடக்க வரலாறு

கல்விச்சாலை ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதனைத் தாபித்த பெரியாரையும் தாபித்த ஆண்டையும் முதற்கண் கூறுதல் மரபு. தாபித்ததைத் தளராது தாங்கினோர் அத்துணைப் போற்றப்படுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சைவ மக்களின் ஆங்கிலக் கல்வி வரலாறோ, தாபித்தலினும் தாங்குதலே அரிது என்பதனை நன்கு புலப்படுத்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிசனரிமார் கையில் இருந்தது. அமெரிக்க மிசனார் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855 வரை நடைபெற்றது. அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டப்பட்டமையால், சைவப் பிள்ளைகளும் மிசன் பாடசாலைகளையே நாடினர். 1869 இல் கல்வித் திணைக்களம் தோன்றியபின் வகுக்கப்பட்ட உதவி நன்கொடை முறை எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாயினும், கட்டடமும் ஆசிரியரும் முன்னரே உடைய மிசன்களுக்கே அது பெரிதும் பயன்பட்டது.

இந்நிலையை மாற்ற முற்பட்டோருள் முதல்வர் நல்லூர் ஆறுமுக நாவலர். பார்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த நாவலர், மிசன் பாடசாலைகளின் ஒழுங்கினை நன்கறிந்தவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை நிலைபெற்றது. ஆயின் 1872 இல் அவர் தொடங்கிய ஆங்கில வித்தியாசாலை பொருண்முட்டுப்பாட்டினாற் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. தமிழ்ப் பாடசாலையை நடத்தும் செலவு வேறு. ஆங்கிலப் பாடசாலையை நடத்தும் செலவு வேறு. ஆங்கிலம் வல்ல ஆசிரியர்க்கு உயர்ந்த வேதனம் வேண்டும். அஃது ஆண்டுதோறும் தவறாது கிடைத்தலும் வேண்டும். நாவலரைப் போன்ற பேராற்றலுடையார் ஒருவர்க்கும் அது தனித்துச் சுமத்தற்கரிய சுமையாயிற்று. நாவலர் 1879 இல் சிவபதமடைந்தார்.

பின்னர் 1886 இல், வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவரும் தமிழில் தர்க்க நூல் இயற்றியவருமான நெவின்ஸ் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை, யாழ்ப்பாணப் பட்டணத்தில் ‘நேற்றிவ் ரவுண் ஹைஸ்கூல்’ என்னும் பெயரால் ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். மிசன் வழங்கிய கல்வியே சைவர்தம் பாடசாலைக்கு ஆசானையும் அளித்தமை நோக்கற்பாலது. 1889 இல் அப்பாடசாலை அப்புக்காத்து நாகலிங்கம் அவர்கள் பொறுப்பில் வந்து, அவர் பெயரையும் ஏற்றது. இதுகாறும் அஃது ஒருவரை விட்டு மற்றொருவரைச் சார்ந்ததேயன்றி, தனக்கென நிலையான பற்றுக்கோடு பெற்றதன்று.

அப்பற்றுக்கோட்டினை அளித்தது, 1888 இல் தோன்றிய சைவ பரிபாலன சபை. 1889 இல் ‘இந்துசாதனம்’ பத்திரிகையைத் தொடங்கிய அச்சபை, 1890 இல் பாடசாலையையும் தன் பொறுப்பில் ஏற்று, வண்ணார்பண்ணைக்கு மாற்றி, இந்து உயர்தர பாடசாலை எனப் பெயரிட்டது. தனி மனிதர் மூப்பினாலும் வறுமையினாலும் தளர்வர். சபையிலோ ஒருவர் விலகின் மற்றொருவர் அவ்விடத்தை நிரப்புவர். நாவலர் கண்ட நோக்கம் நிறைவேறுதற்கு வேண்டியிருந்தது இத்தொடர்ச்சியே.

இதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. இலங்கையில் அக்காலத்திற் சர்வகலாசாலை இல்லாமையால், 1895 இல் இப்பாடசாலை கல்கத்தாச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டுக் கல்லூரி என்னும் பெயரையும் பெற்றது. 1897 ஜனவரியில், மேனாடு சென்று மீண்ட சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்தபோது, அவர்தம் சொற்பொழிவைக் கேட்கச் சைவ மக்கள் இக்கல்லூரியிலேயே திரண்டனர். கால் நூற்றாண்டுக்கு முன் ஓர் ஆங்கிலப் பாடசாலையைக் காக்க இயலாதிருந்த சமூகம், தன் பெருவிருந்தினரைத் தன் கல்லூரியிலேயே வரவேற்கும் நிலையை எய்தியிருந்தது. காலப்போக்கிற் கொக்குவில், வட்டுக்கோட்டை, உரும்பிராய் முதலிய ஊர்களின் இந்துப் பாடசாலைகளும் இக்கல்லூரியின் முகாமையோடு இணைந்தன.

1960, 1961 ஆம் ஆண்டுகளிற் பிறந்த சட்டங்களால், உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசாங்க முகாமையின்கீழ் வரலாயின. இன்று இந்துக் கல்லூரி ஒரு தேசிய பாடசாலை. வேதனமும் கட்டடமும் அரசின் கடன் ஆனபின், பாடசாலையைத் தாங்குதல் தம் கடனன்று எனப் பெற்றோரும் பழைய மாணவரும் எண்ணுதல் எளிது. 1872 இல் தொடங்கியது அழிந்தமைக்கும் 1890 இல் ஏற்கப்பட்டது நிலைத்தமைக்கும் உள்ள வேறுபாடு, தாபித்தோரின் தகுதியிலன்று. பின்னின்று தாங்கினோரின் தொகையிலேயே உளது. அவ்வேறுபாட்டினை மறவாத சமூகமே தன் கல்விச்சாலைகளைக் காக்க வல்லது.