பெங்களூர்த் திட்டமும் ஆங்கிலத் தொடர்நிலை நிகழ்காலமும்

1950களில் சென்னை மாநிலத்தில் பரவிய அமைப்புமுறைப் பாடத்திட்டம் ஆங்கிலத் தொடர்நிலை நிகழ்காலத்தைத் தொடக்க வகுப்புகளிலேயே கற்பித்தது. ஆசிரியர் கதவை நோக்கி நடந்தவாறே ‘ஐ ஆம் வாக்கிங் டு த டோர்’ என்பார்; வகுப்பு அதைத் திரும்பச் சொல்லும். வடிவம் பிழையின்றி அமைந்தது. எல்லாரும் காணும் செயலை அறிவிக்க வேண்டிய தேவை யாது என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை.

தமிழ் மாணவருக்கோ அவ்வினாவே முதன்மையானது. ‘படிக்கிறான்’ என்னும் ஒரே முற்று வழக்கத்தையும் நிகழும் செயலையும் உணர்த்தும். ‘கொண்டிரு’ என்னும் துணைவினையும் நேரிணை ஆகாது. ‘ஹீ ஈஸ் வேரிங் எ ஷர்ட்’ என்பதைச் ‘சட்டை அணிந்திருக்கிறான்’ எனப் பெயர்த்தலே தகும். ‘அணிந்துகொண்டிருக்கிறான்’ எனின் உடுத்தும் செயல் முடியவில்லை என்றும் பொருள்படும். மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் இது.

இத்தகைய வடிவப் பயிற்சிக்கு மாற்றாகவே பிரிட்டிஷ் கவுன்சிலைச் சேர்ந்த என்.எஸ். பிரபு, பெங்களூர் வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையுடன் 1979இல் புதிய முயற்சியைத் தொடங்கினார். 1984 வரை நடந்த அத்திட்டத்தில் இலக்கணக் கூறுகளின் பட்டியல் இல்லை. தொடர்வண்டி அட்டவணை, நிலப்படம் முதலியவற்றைக் கொண்டு விடை காணும் பணிகளே பாடம். மாணவர் கவனம் பொருள்மேல் நிற்க, இலக்கணம் அவரறியாமலே படியும் என்பது பிரபுவின் கோட்பாடு.

பெரெட்டா, டேவிஸ் ஆகியோரின் மதிப்பீடு 1985இல் வெளிவந்தது. அமைப்புத் தேர்வில் மரபு வகுப்பினரும் பணிசார் தேர்வில் திட்ட வகுப்பினரும் முந்தினர்; இது எதிர்பார்க்கத்தக்கதே. சூழலோடு இயைந்த இலக்கணத் தேர்வில் முன்னிலை திட்ட வகுப்பினர் பக்கம் சாய்ந்தது; எனினும் எல்லாப் பள்ளிகளிலும் வேறுபாடு உறுதியாக இல்லை. தொடர்நிலை வேண்டுமா வேண்டாவா என்னும் தெரிவை அளக்க வல்லது அத்தேர்வே.